இரும்பு ஆகாத ஊடு

"உடம்புல இரும்பு ஏதாவது இருக்கா?"

அந்த அம்மா என்னிடம் முதன்முதலாகப் பேசிய பேச்சு இதுதான். நாகலூர் ரோட்டில் இருந்த பழைய காப்பி எஸ்டேட் பங்களாவின் படியில் ஒரு காலை வைத்து நின்றிருந்தேன். சேலம் ஜங்ஷனில் ஏற்றிய மரப்பெட்டியை உள்ளே இறக்கி வைக்க வேண்டும், அதுதான் என் ஜீப்புக்கு வந்த வேலை. வாங்க என்று சொல்லவில்லை, பேர் கேட்கவில்லை, எடுத்த எடுப்பில் இரும்பைக் கேட்கிறார்.

"ரத்தத்துல கம்மியா இருக்குதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்கம்மா. முருங்கைக்கீரை திங்கச் சொல்லியிருக்காங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே கொஞ்சம் யோசித்தார். "அது பரவாயில்ல. அந்த இரும்பு என் மிஷினுக்குத் தெரியாது. சாவி இருக்கா? கத்தி? பெல்ட்டு?"

வாசல் ஓரத்தில் ஒரு பித்தளைத் தாம்பாளம் இருந்தது. கல்யாண வீட்டில் வெற்றிலை பாக்கு வைப்பார்களே, அந்த அளவு. சாவிக்கொத்து, ஸ்குரு டிரைவர், பல் குத்தும் ஊசி, எல்லாவற்றையும் அதில் போட்டேன். செருப்பையும் கழற்றச் சொன்னார். அடியில் ஆணி இருக்குமாம். கோயிலுக்குப் போகிறவன்கூட பாக்கெட்டில் சாவியோடு போகலாம். இந்த ஊட்டுக்குள் போகமுடியாது.

ஐம்பதைத் தாண்டிய அம்மா. குள்ளம். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, பட்டணத்தில் ஆராய்ச்சி ஆபீசில் வேலை பார்த்து, எண்பதுகளின் கடைசியில் இந்த மலைக்கு வந்தவர். ஒரு காந்த மிஷினை வைத்துக்கொண்டு நிலக்கரிக்குள் எவ்வளவு தண்ணி, எவ்வளவு வாயு என்று அளப்பது அவர் பிழைப்பு. ஏற்காட்டில் காப்பி உண்டு, மிளகு உண்டு, ஆரஞ்சு உண்டு. நிலக்கரி ஒரு கைப்பிடி கிடையாது. பிறகு எதற்கு இங்கே? அந்த பங்களாவின் கீழ்ப்பக்கம் கருங்கல்லில் கட்டிய ஒரு குடோன் உண்டு. சித்திரையிலும் மார்கழியிலும் உள்ளே ஒரே குளிர். வெயில் ஏறினால் காந்தத்தின் புத்தி மாறிவிடுமாம். ரயில் கிடையாது, பெரிய ஃபேக்டரி கிடையாது. "காந்தத்துக்கும் பி.பி. இருக்கு தம்பி. அமைதியான இடம் வேணும்" என்பார்.

அவர் உடம்பில் ஒரு குண்டூசி அளவு இரும்பு பார்த்தவர் கிடையாது. சேலைக்கு ஊக்குக் குத்தமாட்டார், முந்தானையை ஒரு முடிச்சில் நிறுத்துவார். கொண்டைக்கு ஒரு மரக்குச்சி. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த செருப்புத் தைக்கிறவரிடம், ஆணி அடிக்காமல் நூலிலேயே தைத்துத் தரச் சொல்லி ஒரு ஜோடி வாங்கியிருந்தார். இரும்பு தோசைக்கல்கூட அந்த ஊட்டில் இல்லை. சேலத்தில் விற்கிற மாக்கல்லில்தான் தோசை. நான் எத்தனையோ ஓட்டலில் தின்றிருக்கிறேன், அந்த மாக்கல் தோசையின் ஓரம் போல ஒரு முறுகல் எங்கேயும் வந்ததில்லை.

"ஏனுங்கம்மா, சமையக்கட்டு மேல இருக்குது, மிஷின் கீழ இருக்குது. தோசைக்கல்லு என்ன பண்ணிரும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணாது. நான் மறந்துருவேன். ஒரு இடத்துல இரும்பைத் தொட்டுப் பழகிட்டா, கை இன்னொரு இடத்துலயும் எடுத்துட்டுப் போயிரும்."

மற்றவர்களிடமும் அதே கறார்தான். கிளியூரில் இருந்து பலாப்பழம் கொண்டுவரும் விவசாயி ஒருத்தர் உண்டு. முதல் நாள் அவர் தாம்பாளத்துக்கு முன்னால் நின்று, இடுப்பில் இருந்து ஒரு கத்தி எடுத்தார். மடியில் இருந்து ஒரு பாக்குவெட்டி. தலைப்பாகையில் இருந்து கோணி தைக்கிற ஊசி. அப்புறம் ஞாபகம் வந்து, அரைஞாணில் கோத்திருந்த ஒரு இரும்புத் துண்டு.

"இவ்வளவு இரும்போட காட்டுல நடக்கறீங்களே, உங்களுக்குப் பயமே இருக்காது போல" என்றார் அம்மா.

"பயம் நொம்ப இருக்கறதுனாலதானுங்க இவ்ளோ வெச்சிருக்கறேன்" என்றார் அவர்.

அந்த பதிலை அம்மா பல நாள் சொல்லிச் சொல்லி ரசித்தார்.

பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் கதை இன்னொன்று. காப்பிப் பழம் அரைக்கிற மோட்டார் ஓடினால் இங்கே மிஷினில் கோடு நடுங்குகிறது, காலையில் கொஞ்ச நேரம் நிறுத்தி உதவ முடியுமா என்று அம்மா கேட்டனுப்பியிருந்தார். ரைட்டருக்குக் கோபம். சண்டை போடவென்றே வந்தார். வாசலிலேயே பெல்ட்டைக் கழற்றச் சொல்லிவிட்டார் அம்மா. ரைட்டர் மெலிந்த மனுஷன், பேண்ட் அவருக்கு ஒரு சுற்றுப் பெரிது. ஒரு கையில் பேண்டைப் பிடித்துக்கொண்டு மனுஷன் எவ்வளவு நேரம் சண்டை போடமுடியும்? "சரிங்க, சரிங்க, நிறுத்தச் சொல்றேனுங்க" என்று மோட்டாரை நிறுத்த வாக்குக் கொடுத்துவிட்டு, பெல்ட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு ஓடினார். அவர் போன பிறகுதான் அம்மா சிரித்தார். மோட்டார் மறுநாளில் இருந்து காலையில் நின்றது.

இரும்பின் மேல் அவருக்கு என்ன பகை என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் ஜீப்புக்குள் உட்கார்ந்து மழை விடக் காத்திருந்தோம். அவர் வெளியே கையைக் காட்டினார்.

"அந்தக் கூட்டத்தைப் பாருங்க. எல்லாரும் சேலம் பஸ் வர்ற பக்கமே பாத்துட்டு நிக்கறாங்க இல்லையா? தண்ணியிலயும் அந்த வாயுவுலயும் ஒரு பொடிசு இருக்கு. காந்தத்துக்கு நடுவுல வெச்சா எல்லாம் இப்படித்தான் ஒரே பக்கம் பாத்து நிக்கும். இப்ப நீங்க ஹாரன் அடிங்க."

அடித்தேன். கூட்டம் மொத்தமும் எங்களைத் திரும்பிப் பார்த்தது.

"இப்ப யார் எப்ப பழையபடி திரும்பறாங்கன்னு பாருங்க. நெரிசலுக்குள்ள நிக்கறவர் அங்கயும் இங்கயும் இடிபட்டு உடனே திரும்பிட்டார். ஓரமா தனியா நிக்கறவர் இன்னும் நம்மளையே பாத்துட்டிருக்கார். கரிக்குள்ள சின்னச் சின்னப் பொந்துல ஒட்டிட்டிருக்கிற தண்ணி சட்டுனு திரும்பிரும். சாவகாசமா இருக்கிற தண்ணியும் வாயுவும் மெதுவாத் திரும்பும். நான் ஹாரன் மாதிரி ஒரு தட்டு தட்டிட்டு, எது எவ்வளவு நேரம் கழிச்சுத் திரும்புதுன்னு பாத்துட்டே இருப்பேன். அதுதான் அளவு. கரியை உடைச்சுப் பாத்தா வாயு ஓடிரும். உடைக்காம, அது இருக்கிற இடத்துலயே கேட்டுக்கணும்."

"இரும்பு?"

"நடுவுல ஒரு ரௌடி வந்து நின்னா கூட்டம் ஒழுங்கா நிக்குமா? இரும்பு வந்தா கூட்டம் கலைஞ்சிரும். கலைஞ்சதும் கோடு சட்டுனு விழும். பாக்கறவன், வாயுவே இல்ல, எல்லாம் ஒட்டின தண்ணின்னு எழுதிட்டுப் போயிருவான். அதை நம்பி, தீப்பிடிக்கிற வாயு இருக்கிற சுரங்கத்துல ஆளை இறக்குவாங்க."

அதன் பிறகு நான் ஜீப்பிலேயே சாவியை விட்டுவிட்டு இறங்கினேன்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்துக்கு ஒரு வருஷம் பரீட்சை வந்தது. பட்டணத்து ஆபீசில் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சந்தேகம்: மலை உச்சியில் ஒரு அம்மா தனியாக உட்கார்ந்து சொல்கிற கணக்கை எப்படி நம்புவது? வடக்கே சுரங்கத்தில் இருந்து, வெட்டிய கரியை அடைத்த மூன்று குழாய் வரும். ஒவ்வொன்றும் முத்திரை போட்டது. அதே கரியின் இன்னொரு பாதியை அங்கே உடைத்து, பழைய முறையில் அளந்து, விடையை உறையில் ஒட்டி அனுப்புவார்கள். இங்கே ஒரு ஆபீசர் முன்னால் இவர் அளக்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் மிஷின் இங்கேயே இருக்கும். ஒன்று பிசகினாலும் பட்டணத்துக்கு ஏற்றிவிடுவார்கள். முத்திரை உடைந்தால் அந்தக் குழாய் செல்லாது.

"மிஷின் போனா நீங்க?" என்று கேட்டேன்.

"மிஷின் இல்லாம இந்த ஊர்ல நான் எதுக்கு?" என்றார். 

குழாய்களைச் சேலத்தில் ஏற்றிக்கொண்டு நான் வந்த நாளில் மெயின் ரோட்டில் மண் சரிந்திருந்தது. குப்பனூர் வழியாக ஏறினேன். குப்பனூரில் என் கொழுந்தியா ஊடு இருக்கிறது. என் சம்சாரத்தின் தங்கச்சி. அந்த வழியில் போய்விட்டு அவள் ஊட்டில் சாப்பிடாமல் மலை ஏறினால் அடுத்த பொங்கல் வரைக்கும் பேச்சு வாங்க வேண்டும்.

உச்சி வெயில். சாப்பாடு போட்டுவிட்டு, அக்காளுக்கென்று நாட்டுக்கோழிக் குழம்பை ஒரு தூக்குப்போசியில் ஊற்றினாள். மூடி மேல் ஒரு அடுப்புக்கரித் துண்டை வைத்துக் கட்டினாள். கறிக்குழம்பு உச்சிப்பொழுதில் வழியில் போனால் காத்துக் கருப்பு தொடராமல் இருக்க அது எங்கள் பக்கத்து வழக்கம். கரி இல்லாவிட்டால் ஓர் இரும்பு.

ஜீப் குலுக்கியதில் ஒரு பெட்டியின் மூடி விட்டிருந்தது. வைக்கோலுக்கு நடுவே, தலைமாட்டில் வெள்ளைத்துணி சுற்றி அரக்கு வைத்த குழாய்.

"என்னுங்க மச்சான், பச்சக் கொழந்தையாட்டம் படுக்க வெச்சிருக்கறீங்க?"

"கரி. பாதாளத்துல இருந்து வெட்டுனது. உள்ள வாயு இருக்குது."

"பாதாளத்துல இருந்தா? உள்ள வேற என்னமோ இருக்குதா? அதைய வெறுமனே தூக்கிட்டு வர்றீங்களே, நல்ல ஆளுங்க நீங்க."

சிரித்துவிட்டு நான் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது மூடியை அவளே நன்றாக அமுக்கி, கயிறு போட்டுக் கட்டியிருந்தாள்.

மறுநாள் காலை பரீட்சை. ஆபீசர் நல்ல மனுஷன். யாரும் சொல்லாமலே கடிகாரத்தையும் பெல்ட்டையும் தாம்பாளத்தில் வைத்தார். சந்தேகம் வரக்கூடாது என்று குழாயை அம்மா தொடவில்லை, அவரே எடுத்து காந்தத்துக்குள் வைத்தார். முதல் குழாய் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. என்னைக் கதவோரம் நிற்க விட்டிருந்தார்கள். திரையில் பச்சைக் கோடு நம் மலைப்பாதையைப் போல ஆற அமர இறங்கியது.

மூன்றாவது குழாயில் கோடு செங்குத்தாக விழுந்தது. பாறையில் இருந்து உருட்டி விட்ட மாதிரி.

"இதுல வாயு இல்ல போலிருக்குங்க மேடம். எழுதிரலாமா?" என்றார் ஆபீசர்.

"வேண்டாம்."

"ஏன்?"

"இது கரி பேசற பேச்சு இல்ல. யாரோ குறுக்க பேசறாங்க."

காந்தத்தை விட்டு வெளியே எடுத்து, அறையின் மறு மூலைக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஒரு திசைகாட்டியை எடுத்துவந்து குழாயின் கால்மாட்டில் இருந்து மெதுவாக நகர்த்தினார். முள் அசையவில்லை. நடுவிலும் அசையவில்லை. தலைமாட்டுத் துணிக்குப் பக்கத்தில் போனதும் முள் வெடுக்கென்று திரும்பியது.

ஆபீசருக்கு முகம் மாறிவிட்டது. "துணியைப் பிரிச்சா முத்திரை போயிரும் மேடம். ஒண்ணு, வந்த அளவை அப்படியே எழுதணும். இல்ல, இந்தக் குழாயை விட்டுட்டேன்னு எழுதணும். ரெண்டுமே உங்களுக்கு..." முடிக்கவில்லை.

அம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, வழியில எங்க நின்னீங்க?"

"குப்பனூருலங்கம்மா. கொழுந்தியா ஊட்டுல சாப்..." சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. குழம்புத் தூக்கும், அவளே கயிறு போட்டுக் கட்டிய பெட்டியும் கண்ணில் வந்து நின்றன. சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். "எடுங்க ஜீப்பை" என்றார். ஆபீசரும் ஏறிக்கொண்டார். குழாய் அவர் மடியில்.

கொழுந்தியா ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் ஒளிக்கவே இல்லை. பெருமையாகத்தான் சொன்னாள்.

"ஆமாங்க, நாந்தான் ஊக்குக் குத்திவுட்டேன். என் தாலிக்கொடியில கெடந்த ஊக்கு. கரிக்குக் கரியே காவல் வெச்சா அது எடுபடுங்களா? அதான் இரும்பு வெச்சேன். ஏனுங்க, பத்தரமா வந்து சேந்துச்சுங்களா, இல்லீங்களா?"

"பத்திரமா வந்துச்சும்மா" என்றார் அம்மா. "இப்ப அதை எடுத்துக் கொடுக்க முடியுமா? அரக்கு உடையக்கூடாது."

"இங்க எடுக்க மாட்டேனுங்க. மறுக்கா இதே வழியில மேல போவோணுமல்ல? போய்ச் சேர்ற ஊட்டு வாசல்லதான் எடுக்கோணும்."

ஆபீசர் வாயைத் திறந்தார். அம்மா கையமர்த்தினார். "சரிதான். நீங்களே வந்து எடுத்துக் கொடுங்க. குத்தின கைக்குத்தான் மடிப்பு தெரியும்."

ஆட்டைப் பக்கத்து ஊட்டில் சொல்லிவிட்டுக் கொழுந்தியா ஜீப்பில் ஏறினாள். வளைவுக்கு வளைவு நான் ஓட்டுவதைக் குறை சொல்லிக்கொண்டே வந்தாள். பங்களா வாசலில் குழாயை மடியில் கிடத்தி, துணி மடிப்புக்குள் இரண்டு விரலை விட்டாள்.  ஊக்கு வந்தது. ஆபீசர் அரக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

கீழே போய் மறுபடி வைத்தார்கள். இந்த முறை கோடு இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. மற்ற இரண்டையும்விட நீளம். ஆபீசர் உறையைப் பிரித்தார். மூன்று அளவும் ஒத்துப்போயின; வாயு அதிகம் இதில்தான் என்று அங்கேயும் எழுதியிருந்தது.

அவர் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மிஷின் இங்கயே இருக்கட்டும் மேடம். ஆனா அந்த ஊக்கு விஷயத்தை விட்டுரலாம். ஆபீஸ்ல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். முதல்ல 'வாயு இல்ல'ன்னு வந்துச்சே, அதையும் எழுதுங்க. எதனால வந்துச்சுன்னும் எழுதுங்க. நாளைக்கு வேற ஊர்ல வேற ஒரு அம்மா ஊக்குக் குத்துவாங்க. அங்க நான் நிக்க மாட்டேன்."

வாசற்படியில் நின்றிருந்த கொழுந்தியாவுக்குப் பாதிதான் புரிந்தது. "ஏனுங்கம்மா, அந்தக் கரி வெட்டுற குழியில ஆளுங்க இருக்கறாங்களா?"

"இருக்காங்க."

"அப்ப நான் குத்துன ஊக்கு அவங்களுக்குத்தான் கெடுதலா முடிஞ்சிருக்குமா?" அவள் குரல் இறங்கிவிட்டது.

அம்மா படியில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "நீங்க காவலுக்குத்தானே வெச்சீங்க. நானும் அதுக்குத்தான் உக்காந்திருக்கேன். இரும்பு மட்டும் வேண்டாம். வேற என்ன வெக்கலாம், சொல்லுங்க."

கொழுந்தியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். "வேப்பந்தழை வெக்கலாமுங்க."

"தழையில தண்ணி இருக்கே..." அம்மாவும் நிஜமாகவே யோசித்தார். "குழாய்ல கட்டக்கூடாது. பெட்டிக்கு வெளியில வெச்சா எனக்குச் சம்மதம்."

பேச்சு முடிந்தது. அன்றில் இருந்து மெயின் ரோடு திறந்திருந்தாலும் கரிப்பெட்டி குப்பனூர் வழியாகத்தான் மலை ஏறும். ஒரு கொத்து வேப்பந்தழை மேலே இருக்கும். அளந்து முடித்த குழாய்கள் வடக்கே திரும்பிப் போகும்போதும் வழிக்குக் காவலென்று இறக்கத்தில் இன்னொரு கொத்து வைத்து அனுப்புவாள். அங்கே போய்ச் சேர்வதற்குள் அது சருகாகியிருக்கும். யார் பார்த்திருப்பார்களோ, என்ன நினைத்திருப்பார்களோ.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு பெட்டி வந்தது. ஜங்ஷனில் இறக்கும்போதே பார்த்தேன். மூடி மேல் இரண்டு அகலமான இலைகள், காய்ந்துபோய், ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்தவை. ஊக்கு இல்லை, ஆணி இல்லை. ஒரு மூங்கில் ஈர்க்குச்சியால் தைத்திருந்தார்கள்.

குப்பனூரில் நிறுத்தினேன். கொழுந்தியா இலையைத் தொட்டுப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். "இது நம்ம மலை எல இல்லீங்க மச்சான்."

"வடக்க இருந்து வருது."

தன் வேப்பங்கொத்தை அந்த இலைக்குப் பக்கத்தில், அது கசங்காமல், ஒதுக்கி வைத்தாள்.

"அங்கயும் ஒருத்தி இருக்கறா பாருங்க" என்றாள்.